சீனிப் புழுவும் கொயினாப் புழுவும்

மக்களே, குசினி மேல்தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அந்த எனமல் கிண்ணத்தை எடுக்கப் போய் நீங்கள் எல்லாரும் ஒரு தடவையாவது உம்மாவிடம் ஏச்சு வாங்கியிருக்கிறீர்கள். நீல விளிம்பு, ஒரு பக்கம் எனமல் தெறித்து இரும்பு தெரிகிறது. இதில் என்ன அப்படிப் பெரிய விசேஷம் என்று பெரியவன் கேட்டான். “அது பூச்சித் தம்பிட கிண்ணம், கைய எடு” என்று சொல்லிவிட்டு உம்மா போய்விட்டா. மிச்சத்தை நான் சொல்கிறேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். வசனம் எங்காவது கோணிப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சியில் உங்கள் வாப்பாவின் கையும் உங்கள் உம்மாவின் கையும் இருந்தன. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நமது பேக்கரி கலஹாச் சந்தியில் இருந்தது. கலஹா மலையிலிருந்து இறங்கி வரும் பஸ் அங்கே நின்று, தண்ணீர் குடித்து, ஆவி விட்டு, பிறகுதான் பேராதனைப் பக்கம் போகும். பஸ் நிற்கிற நேரத்தில் இறங்குகிற சனம்தான் எனக்குச் சனம். பாண், பணிஸ், தேத்தண்ணீர். பணிஸின் நடுவில் ஒரு முந்திரிகை வற்றல் வைப்பேன். அது என் அடையாளம். வற்றல் வைத்த பணிஸ் என்றால் சந்தியில் எல்லாருக்கும் தெரியும்.

ஒரு நாள் பின்னேரம் சைக்கிளில் ஒரு பொடியன் வந்தான். பொடியன் என்று சொல்லக் கூடாது. இங்கிலாந்தில் ஏதோ பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஆற்றோரமாக, பூந்தோட்டத்துக்குக் கிட்ட ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். பூச்சித் தம்பி இவர்தான். தலைமயிரில் ஒரு காய்ந்த இலை ஒட்டியிருந்தது. அதை அவர் அறியவில்லை. கடையில் சனம் நிறைந்திருந்த நேரம் பார்த்து, சந்தியில் எல்லாரும் என்னைக் கூப்பிடுவது போலவே நானா என்று கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்:

“நானா, நீங்கள் எனக்குப் புழு செய்து தருவியளோ?”

தேத்தண்ணீர் உறிஞ்சுகிற சத்தம் நின்றது. பேக்கரிக்காரனிடம் கேட்கக் கூடாத சொல் ஒன்று உலகத்தில் இருக்குமானால் அது அந்தச் சொல்தான். எதிரில் ஒரு பேக்கரி இருந்தது. என் பாணில் புழு இருக்கிறது என்று ஒரு வதந்தியைக் கிளப்பிவிட அந்தக் கடைக்காரர் எத்தனையோ நாளாகக் காத்திருந்தார். இங்கே ஒருவர் வந்து கேட்டே வாங்குகிறார்.

“என்ன புழு?” என்றேன், மெதுவாக.

“கோதுமை மாவாலை செய்யிற புழு. மயிர்க்கொட்டி மாதிரி, இவ்வளவு நீளம்.” சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்து விரித்தார். அவரே செய்து பார்த்தவையாம். வெடித்துப் போன விறகுத் துண்டுகள் மாதிரி இருந்தன. “குருவியள் இதைக் கண்டு சிரிக்குது, நானா. தின்னுதில்லை.”

மாவு பிசைந்து பிழைக்கிறவனுக்கு அப்படி ஒரு மாவைக் கண்டால் கை சும்மா இருக்காது. தண்ணீர் கூட, நெய் குறைவு, பிசைந்ததும் போதாது. என் வாய் ‘முடியாது’ என்று சொல்வதற்குள் கை ஒரு துண்டை எடுத்து உருட்டத் தொடங்கிவிட்டது.

அவர் எதற்காகப் புழு கேட்டார் என்பதை எனக்கு விளங்கின அளவில் சொல்கிறேன். நம் பக்கத்தில் ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சி பறக்கிறது. உடம்பு சிவப்பு, இறகிலும் சிவப்புப் புள்ளி. அது புழுவாக இருக்கும்போது ஒரு நச்சுக்கொடியின் இலையைத் தின்றே வளர்கிறது. அந்தக் கசப்பு உடம்பில் ஊறிப்போய், பறக்கிற வயதிலும் அதை எந்தக் குருவியும் தின்பதில்லையாம். ஒரு தடவை கொத்தின குருவி மறுபடி சிவப்பைக் கண்டால் விலகிப் போகுமாம். இதைப் பார்த்து வேறொரு வண்ணத்துப்பூச்சி, கசப்பே இல்லாத, தின்ன நல்லதான ஒன்று, அதே மாதிரி கறுப்பும் சிவப்புமாக உடுத்திக்கொண்டு திரிகிறதாம். அதிலும் பெட்டைகள் மட்டும். குருவிகள் ஏமாந்து அதையும் விட்டுவிடுகின்றன.

“எதிர்க்கடைக்காரர் மாதிரி,” என்றேன். அந்த மனிசரும் என்னைப் பார்த்துத் தன் பணிஸ் நடுவில் வற்றல் வைக்கத் தொடங்கியிருந்தார். உள்ளே நேற்றைய மாவு. வெளியே என் வற்றல்.

தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அதேதான் நானா! அது எப்பிடி வந்தது, எவ்வளவு காலத்துக்கு அந்த ஏமாத்து நிக்கும் எண்டதுதான் கேள்வி. ஆனால் முதலிலை, குருவியள் கசப்பை மறக்காமல் வைச்சிருக்கும் எண்டு நான் காட்ட வேணும். அதுக்குத்தான் புழு.”

பச்சைப் புழு இனிப்பு. சிவப்புப் புழுவில் கறுப்புக் கோடு, அது கசப்பு. இதுதான் அவருடைய ஏற்பாடு. கசப்புக்குக் கொயினா. மலேரியா வந்து போன காலம் அது. எல்லாருடைய அலுமாரியிலும் கொயினா கிடந்தது. சிவப்புக்கு, பெருநாள் பலகாரத்தில் போடுகிற கலர். கறுப்புக் கோட்டுக்குச் சீனியைக் கருக்கி எடுத்த பாகு. பச்சைப் புழுவை வாயில் போட்டுப் பார்த்து அனுப்புவேன். சிவப்பை நான் ருசி பார்க்கவில்லை. என் கடையில் ருசி பார்க்காமல் வெளியே போன பண்டம் அது ஒன்றுதான்.

உங்கள் உம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. பேக்கரிக்குப் பின்னால்தான் வீடு. குசினிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவ, தம்பி வந்த ஒரு நாள் உள்ளே நின்றபடியே கேட்டா:

“வாயில்லாத சீவனுக்குக் கசப்பக் குடுக்கிறீங்களே, பாவமில்லியா தம்பி?”

“அக்கா, காட்டிலை உள்ள புழுவும் கசப்புத்தானே.”

“அது அல்லா கசப்பா படைச்சது. இது எங்கட மனிசன் கசப்பா உருட்டினது. ரெண்டும் ஒண்டா?”

தம்பி தேத்தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். இங்கிலாந்தில் இதைப் படித்துக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

சந்தியில் என் மானம் போனது தனிக் கதை. கலஹா பஸ்ஸில் ஒரு கண்டக்டர் இருந்தார், தோட்டத்துப் பக்கத்து ஆள், வாயைத் திறந்தால் மூட மாட்டார். பஸ் நிற்கும்போதே மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கத்துவார்: “என்னாங்க நானா, இன்னைக்கு புழு சூடா இருக்கா? நமக்கு ரெண்டு பச்ச, ஒரு செவப்பு கட்டுங்க!” பஸ் முழுக்கச் சிரிக்கும். எதிர்க்கடைக்காரர் வாசலில் நின்று, “அங்க பாணோட எறச்சியும் கெடைக்கிதாம்” என்பார். நான் முறைத்துப் பார்த்தேன். பிறகு பார்த்தால், புழு எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்க்க வந்த சனமே தேத்தண்ணீரும் குடித்துவிட்டுப் போனது. முறைப்பதை நிறுத்திக்கொண்டேன்.

காலையில் பாண் கொடுக்கச் சைக்கிளில் போகும்போது மூடி போட்ட இரண்டு தட்டுகளைத் தம்பியின் வீட்டில் இறக்குவேன்; ஒன்றில் பச்சை, மற்றதில் சிவப்பு. பின்னேரம் அவர் தேத்தண்ணீருக்கு வரும்போது வெறுந்தட்டுகளைத் திருப்பிக் கொண்டு வருவார். அவருடைய வளவில் பலாமரத்தடியில் ஒரு பழைய மேசை. அதன்மேல் காய்ந்த இலைகளைப் பரப்பி, புழுக்களை வைத்து, கொஞ்சம் தள்ளி ஒரு கதிரையில் அசையாமல் இருப்பார். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வரும் வழியில், நானும் போய்ப் பக்கத்தில் குந்தினேன்.

முதலில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து, வந்ததிலிருந்து போகும்வரை வாய் ஓயாமல் கத்தின. சிங்களத்தில் அதற்குத் ‘தெமலிச்சா’ என்று பெயர்; தமிழ்ப் பொம்பளைகள் மாதிரிக் கதைக்குமாம். இதை உங்கள் உம்மாவிடம் சொன்னபோது, “அதுகள் கதைக்கிறத்துக்கு ஆராவது பதில் சொல்றாங்க. எனக்கு அதுவுமில்ல,” என்றா. நான் பதில் சொல்லவில்லை.

பிறகு மைனாக்கள். அவற்றில் ஒன்றுக்கு மண்டையில் மயிர் கொட்டி வழுக்கை விழுந்திருந்தது. கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி ஒரு நடை. தம்பி அதற்குப் பிரக்கிராசியார் என்று பட்டம் வைத்திருந்தார். பிரக்கிராசியார் என்றால் கோட்டில், நீதிமன்றத்தில், வழக்குப் பார்க்கிறவர். அந்த மைனா மேசைக்கு வந்து, பச்சைப் புழு ஒன்றைத் தின்று, இன்னொன்றைத் தின்று, பிறகு சிவப்பு ஒன்றைக் கொத்தித் தூக்கியது. அவ்வளவுதான்! தலையை இப்படியும் அப்படியும் உதறி, அலகை மேசை விளிம்பில் தீட்டி, தண்ணீர்ச் சட்டிக்கு ஓடி, திரும்பி வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்து ஒரு சத்தம் போட்டது பாருங்கள், அது என்ன பாஷையோ தெரியாது. ஆனால் ஏச்சு என்று மட்டும் விளங்கியது.

“உங்களைத்தான் நானா,” என்றார் தம்பி.

“இல்ல, ஒங்களத்தான். நான் உருட்டினது மட்டும்.”

கொஞ்ச நாளில் எல்லாம் தம்பி சொன்னபடியே ஆனது. பச்சை மறைந்துவிடும், சிவப்பு அப்படியே கிடக்கும். பிரக்கிராசியார் சிவப்பைச் சுற்றிக் கொண்டு போவார். தம்பி சந்தோசத்தில் இங்கிலாந்திலுள்ள தன் பேராசிரியருக்கு எழுதினார். பேராசிரியர் வேறு ஏதோ அலுவலாகக் கப்பலில் வருகிறாராம். கொழும்பில் இறங்கி, கண்டிக்கு வந்து, தன் கண்ணாலேயே பார்க்கப் போகிறாராம் என்று பதில் வந்தது.

அன்றைக்குத்தான் தம்பி தன் வீட்டுக் கதையைச் சொன்னார். தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே சொன்னார்.

“ஐயாவுக்கு இதிலை விருப்பமில்லை, நானா. பூச்சி பிடிக்கவோ உன்னைக் கப்பலேத்தினான் எண்டு கேக்கிறார். பேராசிரியர் பாத்து, இது சரிவராது எண்டு சொன்னால் என்ரை படிப்பு அதோடை நிக்கும். நிண்டால் நான் யாழ்ப்பாணம் போய் மாமான்ரை கந்தோரிலை பிரக்கிராசித் தொழில் பழக வேணும். ஐயாவுக்கு வாக்குக் குடுத்திட்டன்.”

“ரெண்டு பிரக்கிராசியாரு ஆகிப்போவும்,” என்றேன், சிரிக்க வைக்கலாம் என்று. அவர் சிரிக்கவில்லை. மேசை மேலிருந்த ஒரு எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிந்தியிருந்த சீனியை விரலால் அதன் பக்கம் தள்ளிக் கூடக் கொடுத்தார். இப்படிப்பட்ட ஒரு பிள்ளையைக் கொண்டு போய்க் கோட்டுக்குள் அடைப்பதா என்று எனக்கே மனம் பொறுக்கவில்லை.

இந்தக் கட்டத்தில்தான் கிண்ணம் வருகிறது.

தம்பியின் தாய் யாழ்ப்பாணத்திலிருந்து பனங்கட்டி அனுப்பியிருந்தா. தம்பி அதில் கொஞ்சத்தை இந்த நீல விளிம்புக் கிண்ணத்தில் போட்டு எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுத்தார். வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது நம் வீடுகளில் உண்டா? உங்கள் உம்மா திகனைக்காரி; அந்தப் பக்கத்தில் வெறுங்கிண்ணம் திருப்பிக் கொடுத்தால் சண்டைக்கு வருகிறாள் என்று அர்த்தம். அடுத்த நாள் காலையில் ஏதோ செய்து, துணியால் மூடி, தட்டுகளுக்கு மேலே வைத்துக் கட்டிவிட்டா. “இது தம்பிக்கு,” என்றா. நான் துணியைத் தூக்கிப் பார்க்கவில்லை. பொம்பளைகள் அனுப்புகிற கிண்ணத்தைத் திறந்து பார்க்கிறது நம் வழக்கமில்லை.

அன்று பின்னேரம் கிண்ணம் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. உள்ளே தம்பியின் வளவுத் தேசிக்காய். யாழ்ப்பாணத்திலும் இதே வழக்கம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆகவே மறுநாளும் உம்மா நிரப்பி அனுப்பினா. மறுநாளும் ஏதோ ஒன்றோடு திரும்பி வந்தது. தேசிக்காய், பப்பாசி, ஒரு தடவை ஒரு பிடி கறிவேப்பிலை. இரண்டு பேரில் யார் முதலில் நிறுத்துவது? யாரும் நிறுத்தவில்லை.

“ஒண்டும் மிச்சம் வைக்காம தின்டீக்கி, பாவம்,” என்று உம்மா தினமும் கிண்ணத்தைப் பார்த்துச் சொல்வா. “தாய விட்டுட்டு வந்த புள்ள. என்ட கை அவருக்குப் புடிச்சீக்கி.” அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கூடச் செய்வா.

அதே நாட்களில் பிரக்கிராசியார் சிவப்புப் புழுவைத் தின்னத் தொடங்கினார்.

தம்பி ஓடி வந்தார். சைக்கிளை நிறுத்தவில்லை, கடை வாசலில் சாய்த்து விழுத்திவிட்டு வந்தார். “நானா, கொயினா போட்டனீங்களோ?”

“போட்டேன் தம்பி. அல்லா மேல ஆணை.”

“பழைய கொயினாவோ?”

“டிஸ்பென்சரியில நேத்து வாங்கினது.”

“பிரக்கிராசியார் இண்டைக்குச் சிவப்புத் திண்டவர். வலு சந்தோசமாத் திண்டவர். அவரைப் பாத்துத் தவிட்டுக்குருவியளும் தின்னுது.”

அடுத்த நாள் கொயினாவைக் கூட்டிப் போட்டேன். இன்னும் கூட்டினேன். என் விரல் நுனியைத் தவறி வாயில் வைத்தால் கண்ணால் தண்ணீர் வரும், அப்படிக் கசப்பு. ஆனால் மைனாக்கள் சிவப்பைக் கொத்தின. சிலதைத் துப்பின, சிலதை விழுங்கின, துப்பினதற்குப் பிறகும் அடுத்ததைக் கொத்தின. வெட்கம் கெட்ட குருவிகள்! தம்பி இரவெல்லாம் யோசித்து, காலையில் ஒரு காரணத்தோடு வருவார். ஒரு நாள் மழை காரணம், ஒரு நாள் மேசைக்கு மேலே பழுத்த பலாப்பழம் காரணம். ஒரு நாள், “குருவியளுக்கு ஞாபகம் எண்டது இல்லையோ என்னவோ, நானா. ஐயா சொன்னதுதான் சரி,” என்றார். அவர் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. உம்மா குசினிக்குள்ளிருந்து பார்த்துவிட்டு, “இந்தப் புள்ள நான் அனுப்புறதத் தின்டும் இப்பிடி மெலியுதே,” என்று கவலைப்பட்டா. கிண்ணத்தை இன்னும் குவித்தா.

பேராசிரியர் வருகிற நாள் வந்துவிட்டது.

வெள்ளைக்காரர், கிழவர், மூக்கு வெயிலில் பழுத்திருந்தது. கண்டி ரெஸ்ட் ஹவுஸிலிருந்து வாடகைக் காரில் வந்து இறங்கினார். தம்பி தனியாள், விருந்தாளிக்கு ஒரு தேத்தண்ணீர் போட்டுக் கொடுக்கக் கூட வீட்டில் யாருமில்லை. ஆகவே உம்மாவும் நானும் முன்னாலேயே போய்விட்டோம். உம்மா முக்காட்டைச் சரி செய்துகொண்டு குசினிக்குள் புகுந்தா. நான் பலாமரத்துக்குக் கிட்ட நின்றேன்.

பேராசிரியர் கதிரையில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்தார். தம்பி மேசையில் புழுக்களைப் பரப்பினார். ஒரு பச்சைப் புழு தவறிக் கீழே விழுந்தது; எடுத்து ஊதி மறுபடி வைத்தார். நான் மனதுக்குள், யா அல்லா, இன்றைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அந்த மொட்டை மைனாவுக்கு ஞாபகத்தைக் கொடு என்று கேட்டேன்.

பிரக்கிராசியார் நேரே சிவப்புக்குப் போனார். கொத்தினார், துப்பினார். அடுத்ததைக் கொத்தினார், துப்பினார். மூன்றாவதை எடுத்து, ருசித்து, விழுங்கி, அலகைத் துடைத்துக்கொண்டு நாலாவதைத் தேடினார். தவிட்டுக்குருவிகள் வந்து இரைந்துகொண்டே சிவப்பு, பச்சை என்று பார்க்காமல் வாரின. பேராசிரியர் மடியிலிருந்த தொப்பியைத் திருப்பி வைத்தார். புருவம் ஏறியது. தம்பியின் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை, பலாமரத்தைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில் உம்மா குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து தேத்தண்ணீர்த் தட்டை நீட்டினா. நான் வாங்கிக் கொண்டு போய்ப் பேராசிரியருக்கு முன்னால் வைத்தேன். கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு பீங்கான் தட்டு. பீங்கானில், மக்களே, சிவப்புப் புழுக்கள்! கறுப்புக் கோடு போட்டு, நல்ல வடிவாக, நான் உருட்டினதை விட வடிவாக.

நான் விறைத்துப் போனேன். தம்பி திரும்பிப் பார்க்கும்போது பேராசிரியர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டார்.

“தின்னாதேங்கோ! ஐயோ, துப்புங்கோ!” என்று தம்பி தமிழில் கத்தினார். பதற்றத்தில் இங்கிலீஷ் முழுக்கப் போய்விட்டது.

பேராசிரியர் மென்றார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம், குருவிகள் உட்பட. விழுங்கினார். பிறகு கையை நீட்டி இன்னொன்று எடுத்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல்: “என்னத்துக்கு அவரத் தின்ன வேணாம் எண்டுற? தேங்காய்ப்பூ, சீனி, நெய்யி. வேற என்த போட்டீக்கி?”

தம்பி ஒன்றை எடுத்து நாக்கு நுனியில் வைத்தார். கண் பெரிதானது. “அக்கா... இதை எப்ப தொட்டுச் செய்யிறியள்?”

“நீங்க பனங்கட்டி கொண்டு வந்த நாள்லேந்து. தினமும் கிண்ணத்தில வாறதுதானே. பூச்சித் தம்பிக்குப் பூச்சி மாதிரியே பலகாரம் செஞ்சா சிரிப்பாரெண்டு பாத்தேன்.”

“கிண்ணத்திலை வந்ததோ...” தம்பி அந்தக் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். “நானா கூடுதலாச் செய்து அனுப்பினதெண்டு நினைச்சன். எல்லாத்தையும் மேசையிலை வைச்சிட்டன்.”

கதவுக்குப் பின்னால் ஒரு கரண்டி கீழே விழுந்தது.

“மேசையிலயா?”

“ஓம் அக்கா. குருவியளுக்கு.”

“ஒண்டு கூட நீங்க தின்னல்லியா?”

“இல்லை அக்கா.”

“என்ட கையால இழைச்ச பலகாரம்! இவ்வளவு நாளும்! அந்த மொட்ட மைனாக்கு! நெய்யில செஞ்சது!” உம்மா இதற்கு முன்னும் பின்னும் ஒரு அந்நிய ஆணோடு அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. “அதுகள் நல்லாத்தான் ஈக்கும், பாருங்கொ எவ்வளவு கொழுத்தீக்கி! ஏன் தம்பி, கிண்ணத்த மட்டும் கழுவித் தார நேரத்தில, பலகாரம் எப்பிடியெண்டு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“நீங்கள் ஏன் அக்கா ருசி எப்பிடியெண்டு கேக்கேல்லை?”

“குடுத்த பண்டத்துக்கு ருசி கேக்கிறதா? அது மரியாதையா?”

பேராசிரியர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன நடக்கிறது என்று கேட்டார். தம்பி இங்கிலீஷைத் தேடிப் பிடித்துச் சொல்லத் தொடங்கினார். பனங்கட்டி, கிண்ணம், தேசிக்காய், வெறுங்கிண்ணம் அனுப்பக் கூடாத வழக்கம், எல்லாம். சொல்லச் சொல்லக் கிழவரின் பழுத்த மூக்கு இன்னும் பழுத்து, தோள் குலுங்கி, தொப்பி மடியிலிருந்து விழுந்து உருண்டது. நான் எடுத்துக் கொடுத்தேன். பிறகு அவர் சிரிப்பை நிறுத்தி, குனிந்து முழங்காலில் கையூன்றி மேசையைப் பார்த்தார். அந்த மொட்டை மைனா கொத்துகிறது, துப்புகிறது, கொத்துகிறது, விழுங்குகிறது. நெடுநேரம் பார்த்தார். தம்பியும் பார்த்தார். திடீரென்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தம்பிதான் என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டு சொன்னார்: “நானா, குருவியளுக்கு ஞாபகம் இருக்கு! நாங்கள்தான் குழப்பினது. எதிர்க்கடைப் பணிஸ், நினைவிருக்கோ? உங்கட வற்றலை அந்தாள் கொஞ்சப் பணிஸிலை வைச்சால் சனம் ஏமாறும். எல்லாத்திலையும் வைச்சால் என்ன நடக்கும்?”

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாதா? சந்தியில் அப்படித்தான் ஆனது. எதிர்க்கடையில் வற்றல் பணிஸ் பெருகப் பெருக, சனத்துக்கு வற்றல் மேலிருந்த நம்பிக்கையே போய், என் கடையிலும் பணிஸைப் பிய்த்து மணந்து பார்த்துத்தான் வாங்கினார்கள்.

“அதேதான். அக்கா கொஞ்சமா அனுப்பின நாளிலை பிரக்கிராசியார் ஒண்டு ரெண்டுதான் துணிஞ்சு பாத்தவர். அக்கா குவிச்சு அனுப்ப அனுப்ப, சிவப்பைக் கொத்திப் பாக்கிறது அவருக்கு லாபமாப் போச்சு. வேசக்காரர் கனக்கப் பேர் சேர்ந்தால் வேசம் பலிக்காது. நான் இதுக்குப் பிறகு செய்து பாக்க இருந்த வேலை, நானா. அக்கா அதை முதலிலையே தொடங்கிவிட்டா!”

பேராசிரியர் கடைசியாக என்ன சொன்னார் என்றால், இதையே இனி வேண்டுமென்று செய், கொஞ்சமாக வைத்துப் பார், கூட்டி வைத்துப் பார், எந்த அளவில் குருவியின் பயம் உடைகிறது என்று எனக்குக் காட்டு, படிப்பு நிற்காது என்றாராம். போகும்போது காரில் ஏறி, மறுபடி இறங்கி வந்து, பீங்கானில் மிச்சமிருந்த புழுக்களைக் கைலேஞ்சியில் கட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு உம்மாவும் ஆராய்ச்சிக்காரி. கசப்பு என் பாகம், இனிப்பு உம்மாவின் பாகம். பார்வைக்கு இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று தம்பி சொன்னதால், என் புழுக்களின் கோடு கோணல் என்று உம்மாவிடம் தினம் நான் பேச்சு வாங்கினேன். கிண்ணமும் ஓடிக்கொண்டேயிருந்தது, ஆனால் அதில் இப்போது வேறு பலகாரம், வெள்ளை நிறம். தம்பி வாசலில் நின்று, உம்மா கேட்கும்படி ஒன்றைத் தின்றுவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுவார். “எப்பிடி ஈக்கி?” என்று உம்மா ஒரு நாளும் கேட்கவில்லை. “நல்லா இருக்கு அக்கா” என்று அவர் ஒரு நாளும் சொல்லாமல் போகவில்லை. பிரக்கிராசித் தொழிலுக்குப் போகவில்லை என்று யாழ்ப்பாணத்து ஐயா கொஞ்ச நாள் முகம் கொடுக்காமல் இருந்தாராம். பிறகு ஒரு பெட்டி மாம்பழம் வந்தது, “புழுக்காரருக்கும்” என்று எழுதி. ஆகவே கோபம் தணிந்தது என்று எடுத்துக்கொண்டோம்.

அடுத்த வருசம் மழைக்கு முன்னால் தம்பி மறுபடி இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். நான் பாண் கொடுக்கப் போயிருந்த நேரம் பார்த்துக் கடைக்கு வந்து சொல்லிக்கொண்டு போய்விட்டார். நான் இருந்தால் அழுதுவிடுவேன் என்று பயம் போலிருக்கிறது, எனக்கும் அந்தப் பயம்தான். கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே ஒரு பப்பாசிப் பழம்.

அது பெரிய தொல்லையாகிவிட்டது. கிண்ணம் நிரம்பி வந்திருக்கிறது. திருப்பி அனுப்ப ஆளில்லை. உம்மா ஒரு நாள் முழுக்கக் கிண்ணத்தை அங்கேயும் இங்கேயும் எடுத்து வைத்தா. மறுநாள் காலை நான் சைக்கிளில் கூடையைக் கட்டும்போது, துணியால் மூடி மேலே வைத்துவிட்டா.

“வீடு பூட்டிக் கெடக்கு,” என்றேன்.

“தெரியும்,” என்றா. வேறொன்றும் சொல்லவில்லை.

பாண் எல்லாம் கொடுத்து முடித்து, ஆற்றோர வீட்டுக்குப் போனேன். பலாமரத்தடி மேசை அப்படியே இருந்தது, காய்ந்த இலை கூட அப்படியே. துணியை எடுத்தேன். சிவப்புப் புழுக்கள், கறுப்புக் கோடு, உம்மாவின் கைவேலை. ஒன்றொன்றாக மேசையில் வைத்துவிட்டு, தம்பியின் கதிரை இருந்த இடத்தில் குந்தினேன். கொஞ்ச நேரத்தில் மொட்டை மைனா வந்தது. கையைப் பின்னால் கட்டின நடை. முதல் புழுவுக்கு முன்னால் நின்றது. ஒரு கண்ணால் அதைப் பார்த்தது, தலையைத் திருப்பி மற்றக் கண்ணால் என்னைப் பார்த்தது. தொடவில்லை. அதைச் சொல்லிக் குற்றமில்லை. நாங்கள் அதை எவ்வளவு குழப்பி வைத்திருந்தோம்.

சுற்றிலும் பார்த்தேன். ஒருவருமில்லை. எழுந்து மேசைக்குப் போய் ஒரு சிவப்புப் புழுவை எடுத்து, பிஸ்மி சொல்லி, மைனாவின் முகத்துக்கு நேரே, மெதுவாக மென்று தின்று காட்டினேன்.